தொழுவத்தில் எழுதிய கணக்கு

சனவரித் திங்கள் 17-ஆம் நாள் புனித வனத்து அந்தோனியார் திருநாள். மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு வருகின்ற இந்நாளில் ஆடுமாடுகளை ஆலய முற்றத்திற்கு ஓட்டி வந்து மந்திரித்துச் செல்வது தமிழ்க் கத்தோலிக்கரின் நெடுநாள் வழக்கம். கொம்புக்கு வண்ணமும் கழுத்துக்கு மணியுமாக அவை வரிசையில் நிற்கும் காட்சி, படைப்பு முழுவதும் ஆண்டவரைப் புகழ்கிறது என்ற உண்மையைக் கண்முன் நிறுத்தும்.

அவ்வாறான ஒரு திருநாளில், ஆத்தூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் ஒரே ஒரு கிழப் பசுவைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்து நின்றார். முன்னாளில் ஏழு உருப்படிகளோடு வந்தவர் அவர். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், தாமிரவருணி கரைகடந்து ஊர்களுக்குள் புகுந்ததையும் நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இரவில் அவருடைய தொழுவத்திலிருந்து ஆறு மாடுகள் போயின. கயிற்றை அறுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிய இந்த ஒன்று மட்டும் மிஞ்சியது.

தீர்த்தம் தெளித்து முடித்தோம். அவர் நகரவில்லை.

"சாமி, தண்ணியத் தெளிச்சு அனுப்பிராதீங்க. மூணு கேள்வி இருக்கு. பதில் சொல்லணும்" என்றார்.

விவரம் இதுதான். மூத்த மகன் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை பார்க்கிறான். "மாடும் வேண்டாம், தொழுவமும் வேண்டாம், இடத்தைப் பிரித்து என் பங்கைத் தாருங்கள்" என்பது அவன் பேச்சு. இளையவன் தொழிற்படிப்பு முடித்தவன். அயல்நாடுகளில் ஆயிரக்கணக்கில் இறைச்சி மாடு வளர்க்கும் பண்ணைகளைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, ஐந்து இலட்சம் ரூபாய் கடன் வாங்கி இருபது காளைக்கன்றுகளைக் கொழுக்க வைத்து விற்கலாம் என்று துடிக்கிறான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு மூன்று மாதமாகிறது. தாயோ, ஒருவனுக்குச் சோறு போடும்போது மற்றவன் எழுந்து போகிறானே என்று கண்ணீர் வடிக்கிறாள்.

"வெட்டுக்கு மாடு வளக்குறது பாவமா சாமி? பாவம் இல்லேன்னா, அதுல லாபம் உண்டுமா? லாபமே இருந்தாலும், என் ரெண்டு பிள்ளைகளும் ஒரே தொழுவத்துல நிப்பானுகளா?"

இம்மூன்று கேள்விகளும் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. நிலமும் மாடும் உள்ள நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றின் அடுக்களையில் இவை புகைந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆதலின், நாம் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களில் படித்தும், காங்கேய நாட்டிற்கு நேரில் சென்று கண்டும் அறிந்தவற்றை இங்கே அனைவர்க்கும் பொதுவாக எழுதுகின்றோம்.

பாவமா?

முதற் கேள்விக்குத் திருச்சபையின் மறைக்கல்வி தெளிவான விடை தருகிறது. உணவுக்கும் உடைக்கும் உழைப்புக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவது முறையே. ஆனால் தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் வீணாய்க் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாதது என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அடுத்தடுத்த பகுதிகளில் போதிக்கிறது. ஊதாரி மகன் திரும்பி வந்தபோது தந்தை அடித்த கொழுத்த கன்றை நாம் அறிவோம். அந்தக் கன்றைக் கொழுக்க வைத்த வீட்டில், வயலிலிருந்து திரும்பிய மூத்த மகன் வாசற்படியில் முகம் திருப்பி நின்றதையும் அறிவோம். ஆண்டவர் அவ்வுவமையில் கன்றைப் பற்றிக் குறை சொல்லவில்லை. அண்ணன் தம்பி மனத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார். அதை மூன்றாம் கேள்வியில் பார்ப்போம்.

ஆயினும் பாவமில்லை என்பதனாலேயே எல்லாம் தகும் என்று ஆகிவிடாது. கொரிந்து நகரத்துச் சபையில் இறைச்சி உண்பது பற்றிப் பூசல் எழுந்தபோது, உணவு நம்மைக் கடவுளுக்கு அருகிலோ தொலைவிலோ ஆக்குவதில்லை என்று விளக்கிய புனித பவுல், தம் உரிமை பிறருக்கு இடறலாகுமாயின் அவ்வுரிமையை விட்டுக்கொடுக்கவும் தாம் அணியம் என்று முடித்தார். நம் ஊரில் நம் வேலிக்கு அப்பால் வாழ்பவர், பசுவைத் தாயெனப் போற்றும் அயலார். வெள்ளத்தன்று நம் வீட்டுக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தவர்களில் அவர்களும் உண்டு. தொழில் செய்யும் முறையில் அவர்கள் மனம் புண்படாமை காப்பது கோழைத்தனமன்று, பிறரன்பு.

இங்கே சட்டத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பத்து வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்திற்கும் உதவாததாக ஆகிவிட்டது என்றோ, காயத்தாலும் தீராத நோயாலும் நிலையாக முடங்கிவிட்டது என்றோ உரிய அதிகாரி சான்று தந்தால் அன்றி, மாட்டை அறுத்தல் ஆகாது என்பது அச்சட்டத்தின் சாரம். அப்படியாயின், இரண்டு வயதுக் காளைக்கன்றை இறைச்சிக்கென்றே கொழுக்க வைக்கும் அயல்நாட்டுத் தொழிலுக்கு இங்கே அடித்தளமே இல்லை. 2017-ஆம் ஆண்டு மே மாதம் மைய அரசு, சந்தையில் மாட்டை அறுப்புக்கென விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. அதே மாதத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அந்தச் சில வாரங்களில் சந்தைகள் எவ்வாறு வெறிச்சோடின என்பதை மாடு வைத்திருந்தோர் அறிவர். ஓர் ஆணையால் ஒரே இரவில் விலை கவிழக்கூடிய தொழிலில், கடன் பணத்தோடு இறங்குவது அறிவுடைமை ஆகுமா?

இளையவனிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் வாடியது. "அப்ப மாடு வளக்குறதே வேண்டாமா சாமி?" என்றான். அப்படி நாம் சொல்லவில்லை.

இலாபமா?

மாடு வளர்ப்பில் இருவகை உண்டு. கன்றை வாங்கித் தீவனம் போட்டு எடை ஏற்றி விற்பது ஒரு வகை. நல்ல தாய்ப்பசுவையும் பொலிகாளையையும் தேர்ந்து, தலைமுறை தலைமுறையாக இனத்தைப் பேணி, உயிருள்ள கன்றையே விலைப்பொருளாக்குவது மற்றொரு வகை. முன்னது ஓராண்டு வாணிகம். பின்னது குடும்பத் தொழில்.

முதல்வகையின் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினோம். 250 கிலோ எடையுள்ள வளரும் மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ உலர் தீவனம் வேண்டும். பசும்புல்லாயின் அதைப்போல் நான்கைந்து மடங்கு. நல்ல தீனி தின்று நாளுக்கு அரைக் கிலோ எடை ஏறினாலும், ஒரு கிலோ எடைக்கு 12 கிலோ உலர் தீவனம் ஆகிறது. இருபது உருப்படிக்கு நாளொன்றுக்கு 120 கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 44 டன். அத்தனையும் வைக்கோலாகப் போட்டால் மாடு உயிரோடு இருக்குமேயன்றி எடை ஏறாது. புண்ணாக்கும் தவிடும் விலைக்கு வாங்கினால் வட்டிக்குக்கூட மிஞ்சாது.

பிறகு பிரேசில் நாட்டாரும் அமெரிக்கரும் எவ்வாறு செழிக்கின்றனர்? பரந்த புல்வெளி, மாட்டை எடைபோட்டுத் தரம்பிரித்து வாங்கும் சந்தை, அதற்கேற்ற சட்டம் ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. நான்காவது ஒன்றும் உண்டு. அது நம் நாட்டிலிருந்து போனது! பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி 'நெல்லூர்' என்னும் பெயரால் அழைக்கப்படுகிறது. ஆந்திர நாட்டு ஓங்கோல் மாடுகளின் வழிவந்த இனம் அது. நெல்லூர் மாவட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. அமெரிக்காவின் 'பிராமன்' மாடும் நம் நாட்டுக் கிர், ஓங்கோல் முதலிய இனங்களின் வழித்தோன்றலே. டெக்சாசு மாநிலத்தில் 1853-இல் ரிச்சர்டு கிங் என்பவர் தொடங்கிய பண்ணை, இந்தப் பிராமன் மாட்டையும் ஆங்கில நாட்டுச் சார்ட்டார்ன் மாட்டையும் கலந்து 'சாந்தா கெர்த்ரூடிசு' என்னும் புது இனத்தையே உருவாக்கியது. 1940-இல் அதற்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. அப்பண்ணை இன்றும் அவர் வழியினர் கையிலேயே உள்ளது. திமிலும் வெயில் தாங்கும் தோலும் உண்ணியை எதிர்க்கும் வலிமையும் நம்முடைய மாட்டுக்குக் கடவுள் கொடுத்தவை. அவற்றின் அருமையை நம்மவர் மறந்த காலத்தில் பிறர் கண்டுகொண்டனர்.

நம்மவர் அனைவருமே மறந்துவிட்டனர் என்பதும் முறையன்று. காங்கேயத்தை அடுத்த பழையகோட்டையின் பட்டக்காரர் குடும்பம் அதற்குச் சான்று. அக்குடும்பத்துத் தலைவராயிருந்த நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் காங்கேயம் இனத்தைத் தேர்ந்தெடுத்துச் சீராக்கியதில் முன்னோடியாக மதிக்கப்படுகிறார். 1936-இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி விரிவான நூல் எழுதிய லிட்டில்வுட் என்னும் ஆங்கிலேய அதிகாரி இவ்வினத்தை அதில் விரித்துரைத்துள்ளார். ஒரு நாட்டின் மாட்டினம் ஒரு வீட்டுத் தொழுவத்தில் உருவம் பெற்றது என்பது சிறிய செய்தியன்று.

அங்கே நாம் கண்டது என்ன? முதலாவது மாடு அன்று, மேய்ச்சல் நிலம். 'கொறங்காடு' என்பர். மழை குறைந்த மேட்டு நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறு போன்ற கொடிகளும் வளர விட்டு, நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரங்களை நிறுத்தி வைத்திருக்கின்றனர். ஒரு காடு மேய்ந்து முடிந்தால் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றுவர். மேய்ந்த காடு ஓய்ந்து தழைக்கும். உழவும் உரமும் அதிகம் கேளாத இந்த ஏற்பாட்டில்தான் காங்கேயம் மாடு உருவானது.

பிறக்கும்போது கன்று செவலையாக இருக்கும். ஆறு மாத அளவில் சாம்பல் நிறம் ஏறும். பொலிகாளைக்குத் திமிலும் கழுத்தும் பின்தொடையும் கறுத்துப் போகும். காயடித்த எருது வெளுக்கும். பால் அதிகமில்லை, கன்றுக்குப் போக நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதுவே நிறைவு. உழவிலும் கவலை இறைப்பிலும் பாரவண்டியிலும்தான் அதன் பெருமை. சித்திரையில் நடக்கும் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தையும், பழையகோட்டையின் வாரச் சந்தையும் இந்த இனத்தை நம்பி எழுந்தவை.

பின்னர் மின்மோட்டார் வந்தது. கவலை இறைப்பு நின்றது. டிராக்டர் வந்தது, ஏர் மாடு நின்றது. 1970-இல் பால்வளத் திட்டம் தொடங்கிய பின்பு கலப்பினக் கறவை மாடுகள் பெருகின. ஊருக்கு ஊர் இருந்த பொலிகாளை மறைந்தது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள 19 கோடியே 34 இலட்சம் மாடுகளில் 14 கோடியே 51 இலட்சம் பெண்ணினம். கன்று ஈனும்போது ஆணும் பெண்ணும் சரிபாதியாகவே பிறக்கின்றன. அப்படியாயின் மீதிக் காளைகள் எங்கே போயின? வேலை இல்லாத காளைக்கன்றுக்கு வீட்டில் இடமில்லை என்பதே இவ்வெண்ணிக்கையின் பொருள். 2014-இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தபோதும், 2017 சனவரியில் மெரினாக் கடற்கரையில் இளைஞர் திரண்டபோதும், அவ்வாண்டில் மாநிலம் இயற்றிய சட்டத்தை 2023 மே மாதத்தில் அதே நீதிமன்றம் ஏற்றபோதும், விவாதத்தின் அடியில் கிடந்த கேள்விகளுள் இதுவும் ஒன்று. காளைக்கு ஒரு பயன் இருந்தால்தான் இனம் நிலைக்கும்.

நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. முத்துக்குளித்துறை என்று உலகம் அழைத்த நம் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. பார்களில் சிப்பி வளம் இல்லாதபோது எத்தனை வல்ல குளியாளி இருந்தும் என்ன பயன்? இன்று ஏப்ரல் 15 முதல் 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையில் நிற்பது ஏன்? மீன் இனம் பெருகட்டும் என்றுதானே! சினைப் பசுவுக்கும் அதே நியாயம். ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதம் பாலை வற்றவைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த அறுபது நாள் பாலுக்கு ஆசைப்படுகிறவன் அடுத்த ஈற்றையும் கன்றின் வலிமையையும் இழப்பான்.

இனம் பேணும் முறை

மாட்டினத்தைப் பேணுகிறவனுக்குப் பொறுமை முதல் மூலதனம். இன்று ஒரு பொலிகாளையைப் பசுவுக்குச் சேர்த்தால் கன்று பிறக்க 285 நாள். பிறந்தது கிடேரியானால், நாட்டு மாட்டில் அது தலையீற்று ஈன ஏறத்தாழ நான்கு வயதாகும். அந்தக் கிடேரியின் மடியைக் கண்ட பின்புதான் காளையின் தரம் தெரியும். ஐந்தாண்டு போய்விட்டது! ஆகவே நினைவை நம்பலாகாது, ஏடு வேண்டும். எந்தப் பசு, எந்தக் காளை, எந்த நாள், என்ன கன்று, எத்தனை லிட்டர், என்ன நோய் என்று எழுதி வைக்க வேண்டும். ஒரே காளையை அதன் பெண்கன்றுகளுக்கே மீண்டும் விட்டால் இனம் நலியும். ஆதலால் மூன்றாண்டுக்கு ஒருமுறை காளையை மாற்றுதல் நன்று. சுழி பார்த்து விலை சொல்லும் பழக்கம் இன்னும் சந்தையில் உண்டு. கிறிஸ்தவன் சுழியைப் பார்க்க வேண்டாம், ஏட்டைப் பார்க்கட்டும்.

பிறந்த கன்றுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுவது எந்தத் தடுப்பூசிக்கும் முந்திய தடுப்பு. கோமாரிக்கு ஆறு மாதத்திற்கொருமுறை ஊசி போடுகின்றனர். கருச்சிதைவு நோய்க்கு நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை போடுகின்றனர். இரண்டும் 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. கருச்சிதைவு நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. ஆகவே சிதைந்த கருவை வெறுங்கையால் எடுக்கலாகாது, பாலைக் காய்ச்சாமல் குடிக்கலாகாது. காதில் பன்னிரண்டு இலக்க அடையாள வில்லை மாட்டிக்கொள்வதைச் சிலர் தொல்லை என்று எண்ணுகின்றனர். வெள்ளம் வந்த பின்புதான் அதன் அருமை புரிந்தது. 2023 வெள்ளத்திற்குப் பின் இறந்த பசு ஒன்றுக்கு 37,500 ரூபாய் என அரசு நிவாரணம் அறிவித்தது. வில்லையும் காப்பீடும் இருந்தவர் தம் மாட்டைத் தமதென்று காட்ட முடிந்தது. நம் உழவரிடமோ இரண்டும் இல்லை. ஆறு மாடுகளில் நான்கின் உடலும் கிடைக்கவில்லை.

கிழ மாட்டையோ எருதையோ விற்க நேரும்போது ஏமாறாதிருக்க ஓர் எளிய வழி உண்டு. முன்காலுக்குப் பின்னே மார்பின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் தோள்முனை முதல் பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். சுற்று 60 அங்குலம், நீளம் 50 அங்குலமாயின் எடை 272 கிலோ. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர் முன்னே இந்தக் கணக்குத் தெரிந்தவன் தலை குனிய வேண்டியதில்லை. விற்பவனும் மாட்டின் குறையை மறைக்கலாகாது; அதுவும் ஏழாம் கட்டளைக்கு உட்பட்டதே.

ஆத்தூருக்கு ஏற்றது எது?

காங்கேய நாட்டுக் கொறங்காடு நம் ஆற்றுப்படுகையில் இல்லை. ஆனால் நமக்கென்று வேறு கொடை உண்டு. ஆத்தூர் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். கொடிக்காலில் வெற்றிலைக் கொடி எதன்மேல் ஏறுகிறது? அகத்தி மரத்தின்மேல். அந்த அகத்திக் கீரை மாட்டுக்கு முதல்தரத் தீவனம். மாட்டின் சாணம் கொடிக்காலுக்கு உரம். வாழைத் தோட்டத்துக் கழிவும், நெல் வயலின் வைக்கோலும், வரப்புப் புல்லும் விலையின்றிக் கிடைப்பவை. அயலான் பண்ணையில் ஆயிரம் மாட்டுக்கு ஏற்ற கணக்கு நம்முடையதன்று. நம்முடைய நிலம் சோறு போடக்கூடிய அளவே நம்முடைய மந்தையின் அளவு. நம் உழவரின் நிலத்தையும் தீவனத்தையும் கூட்டிப் பார்த்ததில், நான்கு பசுக்களுக்கு மேல் தாங்காது என்று தெரிந்தது. இருபது என்று கனவு கண்ட இளையவன் நான்கு என்று கேட்டுச் சிரித்துவிட்டான். ஆனால் ஏட்டை எடுத்துத் தானே கூட்டிப் பார்த்தபின் சிரிக்கவில்லை.

ஒரே தொழுவத்திலா?

மூன்றாம் கேள்விக்கு எந்த மருத்துவரும் விடை சொல்ல முடியாது. குடும்பத் தொழில் கெடுவது பெரும்பாலும் நோயாலன்று. சொல்லாமல் விட்ட சொல்லால். யார் உழைக்கிறார், யாருக்குச் சொந்தம், யார் முடிவு செய்கிறார் என்பவை எழுதப்படாத வீட்டில், தந்தை கண்மூடிய மறுநாளே வழக்கு எழுகிறது.

ஆபிரகாமின் மேய்ப்பரும் லோத்தின் மேய்ப்பரும் பூசலிட்டபோது, மூத்தவராகிய ஆபிரகாம் தம் உரிமையைப் பேசவில்லை. இளையவனே முதலில் தேர்ந்துகொள்ளட்டும் என்றார். பிரிவினை பாவமன்று, பகையோடு பிரிவதே பாவம். மறுபுறம், லாபான் வீட்டில் யாக்கோபு ஆண்டுக்கணக்காக உழைத்தும் அவன் கூலியைப் பலமுறை மாற்றினாரே மாமனார்! சொந்தக்காரன்தானே என்று கூலி பேசாமல் வேலை வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு லாபான் இருக்கிறார். தொழிலாளிக்கு நீதியான ஊதியம் வேண்டும் என்று 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் உலகுக்கு எழுதினார். அது ஆலைக்கு மட்டுமன்று, வீட்டுத் தொழுவத்துக்கும் பொருந்தும்.

ஆதலின் அக்குடும்பத்தாரை ஒரு ஞாயிறு மாலை ஒன்றாக அமர்த்தினோம். சாணம் அள்ளுவது யார், பால் கறப்பது யார், விடியுமுன் எழுவது யார் என்று கேட்டோம். ஆண்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். இத்தனை ஆண்டும் அவ்வேலைகளைச் செய்தவள் தாய். அண்மைக்காலமாக அவளோடு மூத்த மருமகள். கணக்கில் எங்கும் அவர்கள் பெயர் இல்லை! மூத்தவன் தொழுவத்தை வெறுத்ததன் காரணமும் அப்போதுதான் வெளிவந்தது. "என் வீட்டுக்காரி கை வெடிச்சுக் கிடக்கு. ஒரு நாளும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றான். தம்பி தலை குனிந்தான். இறுதியில், "மதினிக்கு மாசக் கூலி வைப்போம்ண்ணே" என்றான் அவனே. மூன்று மாதத்திற்குப் பின் அண்ணனை நோக்கி அவன் சொன்ன முதல் வார்த்தை அது.

அன்று எழுதிய உடன்பாடு சுருக்கமானது. நிலத்தின் பங்கு இருவருக்கும் இப்போதே அளந்து எழுதப்பெறும். தொழுவத்தின் இடம் பொதுவில் நிற்கும். அண்ணன் முதல் போடுவான், தம்பி உழைப்பைப் போடுவான்; பராமரிக்கிறவருக்குக் கூலி கழித்த பின்பே இலாபம் பிரியும். கடன் ஒரு இலட்சத்தைத் தாண்டாது. கறவைக்கு ஒரு கலப்பினப் பசு, இனம் பேண இரண்டு நாட்டுக் கிடேரிகள். வில்லையும் காப்பீடும் இன்றி எந்த உருப்படியும் தொழுவத்துக்குள் நுழையாது. கனமழை எச்சரிக்கை வந்தால் மாட்டைக் கட்டவிழ்த்து மேட்டுக்கு ஓட்டும் பொறுப்பு யாருடையது என்பதையும் பெயர் குறித்து எழுதினோம். சனி இரவு செபமாலை முடிந்ததும் ஏட்டை எல்லார் முன்னிலையிலும் வாசிப்பது என்று முடிவாயிற்று.

ஒன்று மட்டும் எழுதப்படாமல் நின்றது. மிஞ்சிய அந்தக் கிழப் பசு. வயது பன்னிரண்டைத் தாண்டியது, இனிச் சினையாகாது. விற்றால் கிடேரி வாங்குவதற்குச் சிறிது உதவும். விற்பது பாவமில்லை என்று நாமே சொல்லியிருந்தோம். இளையவன் அளவு நாடாவைக் கையில் எடுத்தான். அப்போது தாய் எழுந்து, "அது என் பங்கு" என்றாள். வேறொன்றும் பேசவில்லை. வெள்ளத்தன்று அவள் அந்த மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் மேடு ஏறினாள் என்பதை அவள் கணவர் பின்னர் நம்மிடம் சொன்னார்.

கணக்கறிந்தவர் இதை நட்டம் என்பர். ஆண்டுக்கு இத்தனை கிலோ வைக்கோல் வீண் என்று நாமும் கூட்டிச் சொல்ல முடியும். ஆனால் இலாபத்தை மட்டுமே எழுதும் ஏட்டில் நன்றிக்கு இடமிராது. நன்றிக்கு இடமில்லாத வீட்டில் நாளை முதியோர்க்கும் இடமிராது. இளையவன் நாடாவைச் சுருட்டி வைத்தான். ஏட்டின் முதல் பக்கத்தில், முதல் வரியில், அந்தப் பசுவை எழுதி, 'விற்பனைக்கு அன்று' என்று குறித்தான்.

தொழில் செழிக்குமா என்று இப்போதே சொல்ல இயலாது. நாட்டுக் கிடேரிகள் தலையீற்று ஈன இன்னும் காலம் ஆகும். ஒரு மழையோ ஒரு நோயோ அனைத்தையும் புரட்டிவிடலாம். ஆயினும் இப்போது தாய் சோறு பரிமாறும்போது இரு மக்களும் ஒரே பந்தியில் அமர்கின்றனர் என்று அறிகிறோம். பெத்லகேமில் தங்க இடமின்றித் தம் மகனைத் தீவனத் தொட்டியில் கிடத்திய அன்னை மரியாவுக்கும், அவர்களைக் காத்து நின்ற புனித சூசையப்பருக்கும் தொழுவத்தின் அருமை தெரியும். மாடு வைத்திருக்கும் நம் குடும்பங்கள் அனைத்தையும் அவர்கள் பாதத்தில் ஒப்படைக்கின்றோம். வரும் வனத்து அந்தோனியார் திருநாளன்று உங்கள் மாடுகளை ஆலயத்துக்கு ஓட்டி வாருங்கள். வரும்போது உங்கள் கணக்கு ஏட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். இரண்டையும் மந்திரித்துத் தருகிறோம்.